தலைநகரில் நொண்டும் டீசல் கார்கள்: விளக்கு அணைகிறது, வடிகட்டி காணாமல் போகிறது

புது தில்லி: தலைநகரின் கார் பணிமனைகளுக்கு நன்கு பழகிப்போன புகார் ஒன்று உண்டு. வண்டி வாங்கி இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருக்கும். டாங்கில் டீசல் இருக்கிறது, என்ஜினும் ஓடுகிறது. ஆனால், மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் வருவதில்லை. பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடிக்க, ஓரமாக ஊர்ந்து செல்ல வேண்டியதுதான். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்குகள் எரிகின்றன.

என்ஜின் தன்னைக் காத்துக்கொள்வதற்கான ஏற்பாடு இது. சென்சார்கள் தரும் கணக்கு ஒத்துவராதபோது, காரின் கணினி எரிபொருளையும் டர்போ அழுத்தத்தையும் குறைத்து, பணிமனை வரை போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் சக்தியை அனுமதிக்கிறது. 'லிம்ப் மோட்' எனப்படும் இந்த நொண்டி ஓட்டத்துக்குக் காரணங்கள் பல. நெரிசல் மிகுந்த நகரங்களில் அடிக்கடி அகப்படுவது, புகைக்குழாயில் உள்ள டீசல் துகள் வடிகட்டி கரியால் அடைபடுவதுதான்.

இந்த வடிகட்டி நம் கார்களுக்குள் வந்ததற்குத் தில்லியின் காற்றே முக்கியக் காரணம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ஆம் ஆண்டு அறிவித்தது. பிஎஸ்-5 என்ற படியைத் தாண்டி நேராக பிஎஸ்-6 தரத்துக்குச் செல்ல 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-4 வாகனங்களை விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள்களை வெளியிட அனுமதிக்கப்பட்டிருந்த டீசல் கார், அதன்பின் 4.5 மில்லிகிராமுக்கு மேல் வெளியிடக் கூடாது. வடிகட்டி இன்றி இந்த வரம்புக்குள் நிற்பது இயலாத காரியம். டீசலில் கந்தகத்தின் அளவும் பத்து லட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது.

சட்டமும் எரிபொருளும் ஒருசேர மாறின. வண்டி ஓடும் சாலை மாறவில்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வடிகட்டி என்பது தேன்கூடு போன்ற பீங்கான் உருளை. அதன் நுண்ணிய கால்வாய்கள் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருப்பதால், புகை சுவர்களின் வழியே கசிந்துதான் வெளியேற முடியும். கரி உள்ளே தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்துத் தள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும் காரில் புகையின் வெப்பத்திலேயே இது ஓரளவு நடந்துவிடும். போதாதபோது, கணினி சிறிது டீசலைக் கூடுதலாகச் செலுத்தி, வடிகட்டியின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்துகிறது. இதற்கு என்ஜின் நன்கு சூடாகியிருக்க வேண்டும். பதினைந்து, இருபது நிமிடங்களாவது வண்டி தடையின்றி ஓட வேண்டும்.

ஆஸ்ரம் சந்திப்பிலோ ஐ.டி.ஓ. பாலத்திலோ காலை நேரத்தில் சிக்கிய எவரும் இந்த நிபந்தனையைப் படித்துச் சிரிப்பார்கள். எட்டு கிலோமீட்டர் அலுவலகப் பயணத்தில் எரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. மறுநாளும் அதே கதை. எரியாமல் மிஞ்சும் டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து என்ஜின் ஆயிலில் கலக்கிறது. அளவுகோலில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் மகிழ வேண்டாம். ஆயில் நீர்த்துவிட்டது என்று பொருள். காரை விற்கும்போது மைலேஜைப் பற்றி விரிவாகப் பேசும் விற்பனையாளர்கள், நாள்தோறும் எத்தனை கிலோமீட்டர், எந்தச் சாலையில் ஓட்டுவீர்கள் என்று வாங்குபவரிடம் கேட்டிருந்தால், பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்திருக்கும்.

வடிகட்டி விளக்கு மட்டும் எரிந்து, வேகம் குறையாமல் இருந்தால் பெரும்பாலும் பணிமனைக்கு ஓட வேண்டியதில்லை. டாங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருப்பதை உறுதி செய்துகொண்டு (ரிசர்வில் இருந்தால் பல கார்கள் எரிப்பைத் தொடங்குவதே இல்லை), திறந்த சாலையில் 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சீரான வேகத்தில், கியரைச் சற்றுக் குறைத்து, இருபது நிமிடங்கள் ஓட்டினால் போதும். வண்டியோடு வரும் கையேட்டில் இதற்கான வேகமும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். நிறுத்தியதும் விசிறி பலமாகச் சுழன்று, சூடான வாடை வந்தால் எரிப்பு முடியவில்லை என்று கொள்ளலாம். அப்போது என்ஜினை அணைக்கக் கூடாது. காய்ந்த புல் மீது நிறுத்துவதும் ஆபத்து.

என்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்து, வண்டி நொண்டத் தொடங்கிவிட்டால் நெடுஞ்சாலை வைத்தியம் பலிக்காது. கரி அளவு மீறியிருக்கும்போது கணினி எரிப்பை அனுமதிப்பதில்லை. மிதமிஞ்சிய கரி ஒரேயடியாக எரிந்தால் பீங்கானே உருகிவிடும். இனி ஸ்கேனர் கருவியைப் பொருத்தி, பதிவான பிழைக் குறியீடுகளைப் படித்தாக வேண்டும். பி 2463 என்றால் கரி மிகுதி. பி 2002 என்றால் வடிகட்டியின் திறன் குறைவு. குறியீட்டை அழித்து விளக்கை அணைத்துத் தருவதையே பழுதுநீக்கம் என்று கணக்கெழுதும் பணிமனைகள் இருக்கின்றன. அந்த விளக்கு ஒரு வாரத்தில் மீண்டும் எரியும்.

கேட்க வேண்டிய கேள்வி, கரி ஏன் சேர்ந்தது என்பதே. வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை அளக்கும் சென்சாருக்குச் செல்லும் ரப்பர் குழாய் வெடித்திருந்தால், வடிகட்டி நன்றாக இருந்தும் கணக்கு தப்பாக வரும். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் என்ஜின் போதிய சூட்டை எட்டாது, எரிப்பும் தொடங்காது. ஒழுகும் இன்ஜெக்டர், கசியும் டர்போ குழாய், கரி படிந்த இ.ஜி.ஆர். வால்வு ஆகியவை கரியை மிகுதியாக உண்டாக்கும். இவற்றைப் பாராமல் புது வடிகட்டி மாட்டினால் அதுவும் அடைபடும். சில கார்களில் அதன் விலை லட்ச ரூபாயை நெருங்குகிறது. காரணத்தைச் சரிசெய்த பின், ஸ்கேனர் மூலம் கட்டாய எரிப்பு நடத்தலாம். அதுவும் பயன்படாவிட்டால் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். சாம்பல் வேறு, கரி வேறு. என்ஜின் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வற்புறுத்துகின்றனர்.

இத்தனையையும் செய்ய நேரமும் பணமும் வேண்டும். மலிவான வழி வேறொன்று இருக்கிறது: வடிகட்டியின் உட்கூட்டை உடைத்தெடுத்துவிட்டு, அப்படி ஒன்று இருப்பதையே மறக்குமாறு கணினியின் மென்பொருளை மாற்றிவிடுவது. விளக்கு அணைகிறது, வேகம் திரும்புகிறது, உரிமையாளர் நிம்மதி அடைகிறார். சேர்ந்த கரி பின்னால் நடந்து செல்பவரின் நுரையீரலுக்குப் போகிறது.

இது குற்றம். வாகனத்தில் அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. ஆனால், கண்டுபிடிப்பது யார்? டீசல் வண்டிக்குப் புகைச் சோதனை நிலையங்களில் அளக்கப்படுவது புகையின் அடர்த்தி மட்டுமே. புதிய என்ஜினின் நுண்துகள்கள் கண்ணுக்கே தெரியாதவை. வடிகட்டி அகற்றப்பட்ட கார் அந்தச் சோதனையில் தேறிவிட முடியும். இதை உணர்ந்த நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023 முதல் ஆய்வுக் கூடங்களில் துகள்களை எண்ணும் கருவியைக் கட்டாயமாக்கிவிட்டன.

நம் தலைநகரிலோ விவாதம் முழுவதும் வண்டியின் வயதைச் சுற்றியே நடந்துவந்தது. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் விதித்த தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பழைய வண்டிகளுக்கு எரிபொருள் மறுக்கும் திட்டம் 2025 ஜூலையில் தொடங்கிய சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை கூடாது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் கூறிய உச்ச நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட வண்டிகளோடு நிறுத்திக்கொண்டது.

வயதிலிருந்து தரத்துக்கு நகர்ந்தது முன்னேற்றமே. ஆனால், தரம் என்று சாலையில் பார்க்கப்படுவது பதிவுச் சான்றில் அச்சான எழுத்தும் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரும்தான். குளிர்காலத்தில் காற்று மிக மோசமடைந்து மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு அமலாகும்போது, பிஎஸ்-4 டீசல் கார்கள் தடுக்கப்படுகின்றன. வடிகட்டியைப் பிடுங்கி எறிந்த பிஎஸ்-6 காரோ, பச்சைப் பட்டை கொண்ட ஸ்டிக்கருடன் அதே சோதனைச் சாவடியைக் கடந்து செல்கிறது.