கல்வயல் தந்த கவிஞர்

சாவகச்சேரி என்றவுடன் நம்மவர் நாவில் நீர் ஊறுதல் இயல்பு. அவ்வூர்ச் சந்தையில் வந்து குவியும் பலாப்பழமும் மாம்பழமும், அயலூராகிய மட்டுவிலின் கத்தரிக்காயும் குடாநாடெங்கும் பேர்பெற்றவை. ஆயினும், தென்மராட்சி மண்ணில் விளைந்தவை காயும் கனியும் மாத்திரமல்ல. உரையாசிரியர் ம. க. வேற்பிள்ளையையும், பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையையும் (1899–1986) நமக்குத் தந்தது மட்டுவில். கவிஞர் இ. முருகையனைத் தந்தது சாவகச்சேரியை அடுத்துள்ள கல்வயல். முன்னவர் இருவரும் பழந்தமிழ்ச் செல்வத்தைப் பேணிக் காத்தவர்கள். முருகையனோ அச்செல்வத்தை இக்காலத்தின் அன்றாடச் செலவுக்கும் உதவும் நாணயமாக மாற்றியவர்.

உத்தியோகம் பார்ப்பவருக்குக் கலை வாய்க்காது என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். கோப்புக்கும் முத்திரைக்கும் நடுவே கற்பனை கருகிவிடும் என்று கூறி இரங்குவோர் பலர். முருகையனின் வாழ்க்கை இவ்வெண்ணத்தை மறுக்கின்றது. வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் அரசாங்கப் பணிமனைகளிலும் பல்கலைக்கழக நிருவாகத்திலும் கழித்தார். அவ்வாறிருந்தும், ஈழத்து நவீன கவிதையின் மூன்று தூண்களாக மஹாகவி, நீலாவணன் ஆகியோருடன் வைத்து எண்ணப்படுகின்றார். கவிஞர்களுக்குக் கவிஞர் என்று விமரிசகர்கள் அவரைச் சுட்டுவதும் உண்டு. இஃது எங்ஙனம் கைகூடிற்று என்பதே ஈண்டு நாம் நோக்க வேண்டுவது.

விஞ்ஞானம் பயின்ற தமிழ் நெஞ்சம்

1935ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆந் திகதி தமிழாசிரியர் ஒருவரின் மைந்தராக முருகையன் பிறந்தார். சாவகச்சேரி இந்துக் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றார். வீட்டிலே தமிழ் இருந்தது. ஆயினும் கல்லூரியில் அவர் தேர்ந்த துறை விஞ்ஞானம். 1956இல் கொழும்பில் விஞ்ஞானப் பட்டதாரியானார். ஐந்தாண்டுகளின் பின்னர், 1961இல், லண்டன் பல்கலைக்கழகத்தின் கலைப் பட்டத்தையும் பெற்றார். ஒரு கையில் பரிசோதனைக் குழாயும் மறு கையில் யாப்பருங்கலமுமாக நின்ற இத்தகையோர் நம் நாட்டில் மிகச் சிலரே.

அவர் பட்டம் பெற்ற காலத்தை மறத்தலாகாது. ஆங்கிலத்திலேயே நடந்துவந்த மேல்வகுப்புக் கல்வி, 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறியது. சட்டமும் சுற்றறிக்கையும் ஒரு நாளில் வந்துவிடும். பாடநூல் அவ்வாறு வந்துவிடுமோ? பௌதிகத்தையும் இரசாயனத்தையும் தமிழிற் படிக்க வேண்டிய பிள்ளைக்கு முதலில் சொற்கள் வேண்டும். சொல் இல்லையாயின் ஆசிரியர் தடுமாறுவார். ஆசிரியர் தடுமாறின் மாணவன் மனனஞ் செய்வான். ஒரு தலைமுறையின் அறிவே அன்று தராசுத் தட்டில் நின்றது.

சொல் தேடிய கைகள்

அக்காலத்தில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அறிஞர் பலர் குழுக்களாகக் கூடி ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுத் தேர்ந்தனர். வேகம் மிகுந்து செல்லும் வீதத்திற்கு ஆர்முடுகல், பொருளொன்றில் அடங்கிய சடத்தின் அளவிற்குத் திணிவு, பரப்பின்மேல் அழுந்தும் விசைக்கு அமுக்கம் என்று நம் பிள்ளைகள் இன்றும் படிக்கின்றனர் அன்றோ? தமிழகத்து மாணவர் இவற்றையே முடுக்கம், நிறை, அழுத்தம் என்பர். ஒட்சிசன், ஐதரசன் என வாயுக்களின் பெயர்களை நம் செவிக்கேற்ப எழுதும் முறையும் அவ்வாறு நிலைத்ததே. இவை தனியொருவர் ஆக்கங்கள் அல்ல. ஊர் கூடி இழுத்த தேர்.

அத்தேருக்குத் தோள் கொடுத்தோருள் முருகையனும் ஒருவர். விஞ்ஞான ஆசிரியராக இருந்து சொல்லின்மையின் இடரை வகுப்பறையிலேயே அறிந்தவர் அவர். பின்னர் அரசாங்கப் பாடநூல் வெளியீட்டுத் துறையிற் பதிப்பாசிரியராக அமர்ந்தார். பதிப்பாசிரியரின் பெயரைப் பாடநூலைப் படிக்கும் பிள்ளை அறிவதில்லை. வாக்கியம் தெளிவாக இருந்தால் அதனை எவரும் பாராட்டார்; குழம்பினால் மாத்திரம் எல்லோரும் ஏசுவர். புகழுக்கு இடமில்லாத இப்பணியை ஏற்று நின்றமை அவர் பெருமைகளுள் ஒன்று.

செய்யுளும் பேச்சும்

இம்மேசைப் பணிக்கும் கவிதைக்கும் தொடர்பு யாது? புதிய அறிவைத் தமிழாற் சொல்ல இயலுமா என்பது பதிப்பாசிரியரின் வினா. இன்றைய மனிதனின் சிந்தனையையும் சண்டையையும் சந்தேகத்தையும் செய்யுளாற் சொல்ல இயலுமா என்பது கவிஞரின் வினா. நோக்கின், இரண்டும் ஒன்றே. முருகையன் மரபு யாப்பைக் கைவிட்டாரல்லர். அதனுள்ளே பேச்சின் ஓசையை ஏற்றினார். பண்டிதர் வாய்க்கு மாத்திரம் உரியது என்றிருந்த செய்யுள், மேடையில் இருவர் நின்று வாதிடுவதற்கும் உரியதாயிற்று.

ஆதலின் பா நாடகமே அவர்தம் தனிக் களமாக அமைந்தது. வானொலிக்கும் மேடைக்கும் அவர் பல நாடகங்களை யாத்தார். 'கோபுரவாசல்' நந்தனாரை மையமாகக் கொண்டது. மாவிட்டபுரம் ஆலயத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைவுரிமை வேண்டிப் போராடியது 1968இல். 1960களின் இறுதியில் எழுந்த அந்நாடகத்தில், பழங்கதை அன்றைய செய்தியாகவே ஒலித்தது. 'கடூழியம்' உழைப்பாளரின் நிலையைப் பேசிற்று. 'இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சுமை' என்னுங் கவிதையோ, மரபைச் சுமக்கும் நம் இனத்தின் முதுகைத் தொட்டுப் பார்த்தது. பழமையை நன்கு கற்றவர் ஒருவரே பழமையின் பாரத்தைக் கேள்விக்கு உட்படுத்தியமையால், அக்குரலை எவரும் எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை.

பிறருடன் கூடிச் செய்தலும் அவர் இயல்பு. மஹாகவியுடன் சேர்ந்து 'தகனம்' என்னுங் காவியத்தை எழுதினார். இ. இரத்தினத்துடன் சேர்ந்து 'நோக்கு' என்னுங் கவிதை இதழை நடத்தினார். பேராசிரியர் க. கைலாசபதியுடன் (1933–1982) சேர்ந்து 1970இல் 'கவிதை நயம்' என்னும் நூலை வெளியிட்டார். கவிதையை எவ்வாறு படித்துச் சுவைப்பது என்று மாணவருக்குக் காட்டும் நூல் அது. பிற்காலத்தில் தேசிய கலை இலக்கியப் பேரவையின் தலைவராக இருந்து இளையோருக்கு வழிகாட்டினார்.

எஞ்சி நிற்பது

கல்வி அதிகாரியாகவும், பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நிருவாகத்திலும் பணியாற்றிய முருகையன், 2009ஆம் ஆண்டு ஜூன் 27ஆந் திகதி காலமானார். அவர் வாழ்நாளிலேயே சாவகச்சேரி பெருந்துயர் கண்டது. 1995இன் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தனர். 2000ஆம் ஆண்டுப் போரிலோ சாவகச்சேரி நகரமே இடிபாடாயிற்று. கடைகளும் வீடுகளும் மீண்டும் எழுந்துள்ளன. ஆனால், சுவர்கள் விழுந்த நாளிலும் விழாதிருந்தது ஒன்று உண்டு. அகதியாக மரநிழலில் அமர்ந்து பாடம் படித்த பிள்ளையின் நாவிலே திணிவும் ஆர்முடுகலும் இருந்தன.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் அரசாங்கப் பாடசாலைகள் சிலவற்றில் ஆங்கில மொழிமூலக் கல்வி மீண்டும் புகுந்தது. பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதை நாம் வெறுக்க வேண்டியதில்லை. முருகையனும் ஆங்கிலங் கற்றவரே. ஆனால், தமிழில் விஞ்ஞானம் சொல்ல வராது என்று எவரேனும் நம் முன்னிலையில் உரைப்பாராயின், அதனைக் கேட்டு நாம் வாளா இருத்தல் தகாது. அது வரும் என்பதை ஒரு தலைமுறை உழைத்துக் காட்டிவிட்டது. நம் இல்லத்துப் பிள்ளை பௌதிகப் புத்தகத்தை மேசைமீது விரிக்கும்போது, பெற்றோராகிய நாமும் அருகிருந்து ஒரு பக்கத்தையேனும் வாசித்துப் பார்ப்போமாக. அதிலுள்ள தெளிவான ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னும் பெயரறியா ஒருவரின் உழைப்பு உண்டு. அதனைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதே, கல்வயல் கவிஞருக்கும் அவருடன் உழைத்தவர்களுக்கும் நாம் செலுத்தத்தக்க நன்றிக்கடன்.