குளத்தில் விடும் முன் பெயரைக் கேளுங்கள்

மாணவர்களே, ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் தொட்டியிலோ, தோட்டத்துக் கோயில் குளத்திலோ மிதக்கும் செடியின் பெயர் என்ன? "ஆகாயத்தாமரை" என்று ஒருவர் சொல்வீர்கள். "கியாம்பாங்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். இரண்டு பேரும் ஒரே செடியைத்தான் சொல்கிறீர்களா?

சந்தேகம்தான். ஏனென்றால் தமிழில் "ஆகாயத்தாமரை" என்ற பெயரில் குறைந்தது இரண்டு செடிகள் இருக்கின்றன. மலாய் மொழியின் "கியாம்பாங்" என்ற பெயரும் அப்படித்தான். மிதக்கும் செடிகள் பலவற்றுக்கு அது பொது. பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒரு செடியின் பெயரைத் தவறாக எடுத்துக்கொண்டதால், விஞ்ஞானிகளே பல ஆண்டுகள் தவறான இடத்தில் விடை தேடிய கதை ஒன்று உண்டு. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் குளத்தடிக்குப் போவோம்.

நான்கு வகை, நான்கு அடையாளம்

நீர்ச்செடிகளை அடையாளம் காண, வேர் எங்கே இருக்கிறது, இலை எங்கே இருக்கிறது என்ற இரண்டை மட்டும் முதலில் பாருங்கள்.

1. சேற்றில் வேர், மேலே இலை: தாமரையும் அல்லியும் இந்த வகை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். அல்லி இலை நீரின் மேல் படுத்திருக்கும். விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு வெட்டு இருக்கும். தாமரை இலை வெட்டில்லாத முழு வட்டம். காம்பு அதன் நடுவில் சேரும். வளர்ந்த இலை நீரை விட்டு எழுந்து நிற்கும். இன்னும் ஐயமா? ஒரு சொட்டு நீர் விடுங்கள். தாமரை இலையில் அது முத்தாக உருண்டு ஓடும். இலை முழுவதும் மெழுகு பூசிய நுண்ணிய மேடுகள் இருப்பதே காரணம். ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லோட் இதை ஆராய்ந்து விளக்கினார். அழுக்கு ஒட்டாத சுவர்ச்சாயம் செய்யும் எண்ணம் அதிலிருந்துதான் பிறந்தது.

2. வேர் எதையும் பற்றாமல் மிதப்பவை: முட்டைக்கோஸ் போல அடுக்கடுக்காக, மென்மையான மயிருடன் இருந்தால் அது பிஸ்டியா. காம்பு வெங்காயம்போல் உப்பி, ஊதா நிறப் பூ பூத்தால் அது வெங்காயத்தாமரை. மலாயில் கெலாடி பூந்திங். இந்த இரண்டையுமே நம்மவர்கள் ஆகாயத்தாமரை என்கிறார்கள். பூவே பூக்காமல், சிறு இலைகள் இணை இணையாகக் கோர்த்திருந்தால் அது சல்வினியா என்ற பெரணி. அரிசி அளவில் பச்சைப் புள்ளிகளாகப் பரவியிருந்தால் அது வாத்துப்பாசி.

3. முழுவதும் மூழ்கியவை: தண்டைச் சுற்றி வட்டமாகச் சிறு இலைகள், இலை ஓரத்தில் ரம்பப் பற்கள் இருந்தால் ஹைட்ரில்லா. இலைகள் விசிறிபோல் நூல் நூலாகப் பிரிந்திருந்தால் கபொம்பா.

4. கரையோரம் நிற்பவை: சம்புக்கோரை, நம் சமையலறைக்கு வரும் கங்கோங் கீரை முதலியவை.

ஒரு பெயர்ப் பிழையின் கதை

சல்வினியாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கீழே பழுப்பு நிறத்தில் வேர்போல் தொங்குவது வேர் அல்ல! அதுவும் ஓர் இலைதான். ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள். இரண்டு மிதக்கும், மூன்றாவது நூல் நூலாகப் பிரிந்து நீருக்குள் தொங்கும். மேல் இலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டி போன்ற மயிர்கள் தெரியும். இலை நனையாமல் காப்பவை அவைதான்.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடி 1939இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. கொழும்பில் தாவரவியல் படிப்புக்காகக் கொண்டுவரப்பட்டது வெளியே பரவி, வயல்களையும் கால்வாய்களையும் மூடியது. ஆப்பிரிக்காவில் கரிபா அணை கட்டப்பட்டு நீர் நிரம்பத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1962 வாக்கில், ஏறத்தாழ 1000 சதுர கிலோமீட்டர் பரப்பை மூடிவிட்டது.

அப்போது எல்லாரும் அதைச் சல்வினியா ஆரிகுலாட்டா என்று நினைத்தார்கள். அந்தச் செடி இயற்கையாக வளரும் திரினிடாட் தீவிலிருந்து, அதைத் தின்னும் கூன்வண்டைக் கொண்டுவந்து ஆப்பிரிக்காவில் விட்டார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. 1972இல்தான் டேவிட் மிட்செல் என்ற தாவரவியலாளர், இது வேறு இனம் என்று காட்டி, சல்வினியா மொலெஸ்டா எனப் பெயரிட்டார். மொலெஸ்டா என்றால் தொல்லை தருவது என்று பொருள்.

பெயர் சரியானதும் தேடும் இடமும் மாறியது. 1978இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்தச் செடியின் சொந்த ஊரைத் தென்கிழக்கு பிரேசிலில் கண்டுபிடித்தார்கள். அங்கே இதைத் தின்று வாழும் கூன்வண்டும் கிடைத்தது. நீளம் சுமார் 2 மில்லிமீட்டர்தான். தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டுக்குத் தூரத்து உறவு. 1980இல் குயின்ஸ்லாந்தின் மூண்டாரா ஏரியில் விட்டதும் ஓராண்டு வாக்கில் செடி அழிந்தது. அதற்குப் பிறகு, 1985இல்தான் அந்த வண்டும் புதிய இனம் என்று உறுதியாகிப் பெயர் பெற்றது. பழைய திரினிடாட் வண்டும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன!

இந்தியாவில் இந்த வண்டு முதலில் வேலை காட்டிய இடம் எது தெரியுமா? பெங்களூரில் இருந்த ஓர் அல்லிக்குளம். சல்வினியா மூடியதால் அங்கே அல்லி நலிந்து கிடந்தது. 1983-84இல் வண்டை விட்ட பிறகு, ஓராண்டுக்குள் குளம் தெளிந்து அல்லி மீண்டும் தலைதூக்கியது.

"பாதிதானே மூடியிருக்கிறது!"

ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்? ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு செடி வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். சத்தான நீரில் சல்வினியா இதைவிட வேகமாகவும் பெருகும். 1, 2, 4, 8... பத்தாவது வார முடிவில் 1024 செடிகள். அந்த எண்ணிக்கை உங்கள் குளத்தை முழுதாக மூடப் போதும் என்றால், பாதி மூடியது எப்போது? ஐந்தாவது வாரத்தில் அல்ல, ஒன்பதாவது வாரத்தில்! "பாதிதானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவருக்கு மிஞ்சுவது ஒரே வாரம்.

"பீடூக் லாலு, கியாம்பாங் பெர்தாவுட்" என்ற மலாய்ப் பழமொழியை வகுப்பில் படித்திருப்பீர்கள். படகு போனதும் விலகிய கியாம்பாங் மீண்டும் சேர்ந்துகொள்ளும். உறவுக்கு நல்ல உவமை, குளத்துக்கு எச்சரிக்கை.

மூடிய குளத்தின் உள்ளே வெளிச்சம் போகாது. மூழ்கிய செடிகள் ஒளிச்சேர்க்கை செய்ய முடியாது. ஆக்சிஜன் குறையும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். செம்பனைக்குப் போடும் உரத்தில் ஒரு பகுதியை மழை கால்வாய்க்கு அடித்துவருவதால், தோட்டத்துக் குளங்களில் நைட்ரஜனும் பாஸ்பரசும் சேர வாய்ப்பு அதிகம். களைக்கு அது விருந்து.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரும்பாலான கொசுக்குடம்பிகள் மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வரும். மான்சோனியா கொசுவின் குடம்பி வராது. பிஸ்டியா, வெங்காயத்தாமரை போன்றவற்றின் வேரில் தன் மூச்சுக்குழாயைக் குத்தி, அங்கிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மலேசியாவில் யானைக்கால் நோய்ப் புழுவைப் பரப்பும் கொசுக்களில் இதுவும் ஒன்று. நீரின் மேல் எண்ணெய் தெளித்தாலும் இது தப்பிவிடும். செடியை அகற்றுவதுதான் வழி.

சரி, எதை வளர்க்கலாம்?

பயந்து குளத்தையே மூடிவிடாதீர்கள்! அல்லி அழகானது, பார்த்துக்கொள்வதும் எளிது. இப்படிச் செய்து பாருங்கள்:

• சுமார் 40 சென்டிமீட்டர் அகலமுள்ள, ஓட்டையில்லாத பேசின் ஒன்றை எடுங்கள். கனமான களிமண் பாதி நிரப்புங்கள். கடையில் விற்கும் பூச்சட்டி மண் வேண்டாம். அது மிதந்து நீரைக் கலக்கும்.

• கிழங்கை நட்டு, முளையை மட்டும் வெளியே விடுங்கள். மேலே கூழாங்கல் பரப்புங்கள்.

• முதலில் மண்ணுக்கு மேல் ஒரு சாண் நீருக்கும் குறைவாக இருக்கட்டும். இலை வளர வளர நீரைக் கூட்டுங்கள். நீரின் உயரமே மலர்த்தண்டின் நீளம் என்று வள்ளுவர் சொன்னது இங்கே உண்மை. ஆனால் ஒரே நாளில் நிரப்பினால் தண்டு நீள நேரம் இருக்காது, இலை மூழ்கிவிடும்.

• நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். உரத்தை நீரில் தூவாதீர்கள். சிறிதளவு தாளில் சுற்றி மண்ணுக்குள் புதையுங்கள். நீரில் கரைந்தால் பாசிதான் கொழுக்கும்.

• கொசுக்குடம்பிகளைத் தின்ன நாலைந்து கப்பி மீன் போதும்.

தாமரையை விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஓடு மிகக் கடினம்; உள்ளே வெள்ளை தெரியும்வரை உப்புத்தாளில் தேய்த்து, நீரில் போட்டு, தினமும் நீரை மாற்றுங்கள். சில நாளில் முளை வரும். சீனாவில் ஓர் ஏரிப்படுகையில் எடுத்த, ஏறத்தாழ 1300 ஆண்டுப் பழைய தாமரை விதையே முளைத்திருக்கிறது!

மூன்று கட்டளைகள்

முதலாவது, பெயர் தெரியாத செடியைக் குளத்தில் விடாதீர்கள். மீன் கடையில் செடி வாங்கினால் ஒரு வாரம் தனி வாளியில் வைத்து, கூடவே வாத்துப்பாசியோ சல்வினியாவோ வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, அலுத்துப்போன செடியையும் மீனையும் கால்வாயில் கொட்டாதீர்கள். சிரம்பான் பக்கத்துக் கால்வாய் நீர் லிங்கி ஆற்றுக்கும், கோலப்பிலா பக்கத்து நீர் மூவார் ஆற்றுக்கும் போய்ச் சேரும். சல்வினியாவின் ஒரு துண்டே புதுச் செடியாகிவிடும். வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். மீனைக் கடையிலோ, தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமோ கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, தோட்டத்துப் பெரிய குளத்தில் தனியாக இறங்காதீர்கள். மிதக்கும் செடிகள் பச்சைத் தரைபோல் தோன்றும், ஆழம் தெரியாது. ஆலைக் கழிவுநீர்க் குளங்களின் பக்கமே போக வேண்டாம். பெரியவர் ஒருவருடன் போய், கரையில் நின்று நீண்ட கம்பால் செடியை இழுத்துப் பாருங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை: சரியாக பத்துச் சல்வினியா அல்லது வாத்துப்பாசிச் செடிகளை ஒரு மூடிய கண்ணாடிப் புட்டியில் போட்டு, சன்னலோரம் வையுங்கள். இன்னொரு புட்டியில் அதே பத்துச் செடிகளோடு ஒரு சிட்டிகை உரம் சேருங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை எண்ணி, நான்கு வாரம் வரைபடம் வரையுங்கள். எந்தக் கோடு முதலில் வளைந்து மேலே ஏறுகிறது? உங்கள் தோட்டத்துக் குளம் ஏன் பச்சையாகிறது என்பதற்கான விடை அந்தக் கோட்டில் இருக்கும்.