கோத்திக் எழுத்தும் ஒரு சிறுமியின் கேள்வியும்

சென்ற ஆண்டு நம் சங்கத் தமிழ் வகுப்புக் குழந்தைகளுக்குச் சான்றிதழ் அச்சிடும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். பார்த்தவர் அசந்துபோக வேண்டும் என்று எனக்கு ஆசை. கம்ப்யூட்டரில் 'ஓல்டு இங்கிலீஷ்' என்ற எழுத்தைத் தேர்ந்தெடுத்தேன். பெயர்கள் முழுவதையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் போட்டேன்.

விழாவில் பரிசு வாங்கிய ஒரு சிறுமி என்னிடம் ஓடி வந்தாள். "அங்கிள், இதில் என் பேர் எங்கே இருக்கு?" பக்கத்தில் இருந்த அவள் பாட்டியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். எனக்கு முகத்தில் அசடு வழிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்த எழுத்தின் ஜாதகத்தைப் புரட்டினேன். கோத்திக் என்றும் பிளாக்லெட்டர் என்றும் இதைச் சொல்கிறார்கள். ஐரோப்பிய மடங்களில் பட்டை முனைப் பேனாவால் எழுதிய எழுத்து இது. வளைவுகள் எல்லாம் முறிந்து கோணங்களாக நிற்கும். நெருக்கி எழுதியதால் விலை உயர்ந்த தோல் ஏடு மிச்சமாயிற்று. பக்கம் முழுவதும் நெய்த துணிபோல் தெரிந்ததால் ஒரு வகைக்கு 'டெக்ஸ்டுரா' என்றே பெயர். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 1455-ஐ ஒட்டி குட்டன்பர்க் அச்சிட்ட 42 வரி பைபிளும் இதே எழுத்தில்தான். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தம் நாட்டில் படித்து வளர்ந்த ஜெர்மன் புத்தகங்களும் இந்தக் குடும்பத்து எழுத்தில் அச்சானவையே.

அழகு இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. 'மினிமம்' என்ற ஆங்கிலச் சொல்லை இதில் எழுதினால் வரிசையாக 15 செங்குத்துக் கோடுகள்! எங்கே ஓர் எழுத்து முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று திணற வேண்டியதுதான். பெரிய எழுத்துகளோ ஒவ்வொன்றும் கொடியும் கொம்புமாகத் தனி அலங்காரம். சொல்லின் முதலில் ஒன்று நின்றால் கம்பீரம். எல்லாம் சேர்ந்து நின்றால், கல்யாண வீட்டில் எல்லோருமே மாப்பிள்ளை வேஷத்தில் வந்த கதை!

ஜெர்மானியர் இருபதாம் நூற்றாண்டு வரை இதில் செய்தித்தாளே படித்தார்கள். 1941 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சி, இது 'யூத எழுத்து' என்று பொய்க் காரணம் சொல்லி விலக்கியது. இன்று நியூயார்க் டைம்ஸ், டெய்லி டெலிகிராப் போன்ற பத்திரிகைகளின் தலைப்பிலும், பட்டச் சான்றிதழ்களிலும், கிறிஸ்துமஸ் வாழ்த்துகளிலும் வாழ்கிறது. கவனியுங்கள், எல்லாமே ஓரிரு வரிகள்தான். செய்தியை அதில் போடுவதில்லை.

இந்த ஆண்டுச் சான்றிதழில் தலைப்பு மட்டும் கோத்திக்கில் வந்தது. குழந்தைகளின் பெயர்கள் எளிய, தெளிவான எழுத்தில். அதற்கு மேலே, இன்னும் பெரிதாக, தமிழில்.

அதே சிறுமி மேடையிலிருந்து இறங்கி வந்து, தன் பெயரைப் பாட்டிக்கு எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள். தமிழ் வகுப்பு நடத்துவது அதற்காகத்தானே!