எழுதுவது இயந்திரம், சரிபார்ப்பது யார்?

புரோகிராம் எழுதும் மொழி மாதிரிகள் வந்துவிட்டன. ஆனால் தடங்கலின்றி ஓடுவது வேறு, சரியாக இருப்பது வேறு.

தேவிகுளம், மூணாறு தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களுக்குக் கிலோக் கணக்கு என்பது வயிற்றுக் கணக்கு. நிர்ணயித்த அளவு பறித்தால் நாள் கூலி. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் ஊக்கத்தொகை. 2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு இவர்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தது கேரளத்தையே உலுக்கியது.

இந்தக் கணக்கைப் போட ஒரு புரோகிராம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொழி மாதிரியிடம் கேட்டால் சில நொடிகளில் எழுதித் தந்துவிடும். அது இப்படியும் இருக்கலாம்: பறித்த எடையிலிருந்து நிர்ணய அளவைக் கழி, மிச்சத்தை ஊக்கத்தொகையால் பெருக்கு, கூலியோடு கூட்டு. அளவு 25 கிலோ என்றால், 30 கிலோ பறித்தவருக்குக் கணக்கு கச்சிதம். மழையில் 20 கிலோதான் பறிக்க முடிந்தவருக்கு? மிச்சம் மைனஸ் 5. ஊக்கத்தொகை பிடித்தமாக மாறிவிடும். புரோகிராம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தவறு சம்பள நாளில்தான் தெரியும்.

ஆராய்ச்சியாளர்களைக் குடைவதும் இதுதான். அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்து எழுதக் கற்றவை இந்த மாதிரிகள். எழுதியது பார்க்கச் சரியாக இருக்கும் என்பதால் அது சரியாகிவிடாது. 2021ல் ஓப்பன் ஏஐ நிறுவனம் தன் கோடெக்ஸ் மாதிரிக்கு 164 கேள்விகள் வைத்தது. விடையின் அழகைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் ஓட்டிச் சோதித்தது. ஒரே முயற்சியில் தேறியவை 28.8 சதவீதம். கேள்விக்கு நூறு விடைகள் எழுதவிட்டபோது 70.2 சதவீதக் கேள்விகளுக்குத் தேறும் விடை கிடைத்தது. நூறில் எது சரி என்று சொன்னது சோதனை.

தர்க்கத்திலும் இதே கதை. விடைக்கு முன் படிப்படியாக யோசிக்க வைத்தால் மாதிரிகள் நன்றாகக் கணக்குப் போடுகின்றன என்று 2022ல் கூகுள் ஆய்வாளர்கள் காட்டினர். 2024ல் கூகுள் டீப்மைண்டின் இரு அமைப்புகள் சர்வதேச கணித ஒலிம்பியாடின் ஆறு கணக்குகளில் நான்கைத் தீர்த்து வெள்ளிப் பதக்க நிலையை எட்டின. அவற்றில் ஒன்றான ஆல்ஃபாபுரூஃப் எழுதிய ஒவ்வொரு படியையும் லீன் என்ற தனி மென்பொருள் சரிபார்த்தது. 2025ல் ஜெமினி மாதிரி சாதாரண மொழியிலேயே நிரூபணம் எழுதித் தங்க நிலையை எட்டியபோது மதிப்பெண் போட்டவர்கள் மனித நடுவர்கள்.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது? லயத்து வீட்டிலிருந்து வெளியேறும் வழிகளில் ஒன்று கம்ப்யூட்டர் படிப்பு. நுழைந்ததும் கிடைக்கும் வேலை, சின்னச் சின்னப் புரோகிராம் எழுதுவது. இயந்திரம் முதலில் கை வைப்பதும் அதில்தான். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. காரணம் செயற்கை நுண்ணறிவு அல்ல என்றது நிறுவனம். பயம் என்னவோ போகவில்லை.

வழி அடைபட்டுவிடவில்லை. சென்னை ஐஐடி 2020ல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ தேர்வு தேவையில்லை. மலையிலிருந்தே பாடம் படிக்கலாம். ஆனால் புரோகிராம் எழுதத் தெரிந்தால் மட்டும் இனிப் போதாது. எந்த இடத்தில் கணக்கு உடையும் என்று யோசிக்கத் தெரிய வேண்டும். மழை நாளில் கூடை நிறையாது என்பது லயத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். மைனஸ் 5ஐ முதலில் சோதித்துப் பார்க்கத் தோன்றுவதும் அந்தப் பிள்ளைக்குத்தான்.