கேட்டை மூடினார்களா, மூடியதாகச் சொன்னார்களா?

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வாகன ஆய்வை முடித்தாக வேண்டும். கடலூர், சிதம்பரம் வாசகர்களின் கடிதங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தகுதிச் சான்று பெற்ற வேனில் போனால் பிள்ளை பத்திரமா? பாதுகாப்புக்கும் மதிப்பெண்ணுக்கும் என்ன தொடர்பு? முதல் கேள்விக்கான பதில் வேனில் மட்டும் இல்லை, அது கடக்கும் ரயில்வே கேட்டிலும் இருக்கிறது.

ரயில்வே கேட் எப்போது 'பாதுகாப்பானது'?

2025 ஜூலை 8 காலை, கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் பள்ளி வேன் மீது மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அது 'இன்டர்லாக்' இல்லாத கேட். இன்டர்லாக் இருந்தால், கேட்டைப் பூட்டாதவரை ரயிலுக்குப் பச்சை விளக்கு விழாது. இல்லாத இடத்தில் எல்லாமே வாய்ச்சொல்தான். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிடுவார். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு 'பிரைவேட் நம்பர்' என்ற ரகசிய எண்ணைச் சொல்வார். எண் பதிவேட்டில் ஏறிவிட்டால் கேட் மூடப்பட்டதாகவே கணக்கு.

மூடாமலும் அந்த எண்ணைச் சொல்ல முடியும். செம்மங்குப்பத்தில் நடந்தது அதுதான் என்று விசாரணை பற்றிய செய்திகள் கூறின. தெற்கு ரயில்வேயின் முதல் அறிக்கையோ, வேனைக் கடக்கவிடும்படி அதன் ஓட்டுநர் வற்புறுத்தியதாகச் சொன்னது. ஓட்டுநரும் காயம்பட்ட மாணவரும் அதை மறுத்தனர். கேட்டைக் கடக்கும் ரயில், வாகன எண்ணிக்கைகளைப் பெருக்கி, 20,000 வந்தால்தான் இன்டர்லாக் என்றிருந்த வரம்பை விபத்துக்குப் பிறகே 10,000 ஆக்கினார்கள். போக்குவரத்து குறைந்த கிராமத்துக் கேட்டில் பிள்ளையின் உயிர் இன்னமும் ஓர் எண்ணை நம்பித்தான் இருக்கிறது.

பாதை பாதுகாப்பில்லாவிட்டால் படிப்பு எப்படிக் கெடும்?

பாதை பயமாக இருந்தால் விடுப்பு கூடும், சிறப்பு வகுப்பு தவறும், பெண் பிள்ளையின் படிப்பே நிற்கும். பீகாரில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்த திட்டத்தைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தனர். உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகள் 32 சதவீதமும் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதுவோர் 18 சதவீதமும் கூடினர். கூட்டமாகச் சேர்ந்து போனதில் வழித்துணையும் கிடைத்தது. தில்லியில் கிரிஜா போர்கர் செய்த ஆய்வில், பாதுகாப்பான வழிக்காக மாணவிகள் தரம் குறைந்த கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது தெரியவந்தது. மதிப்பெண் இருந்தும் வாய்ப்பை விடுகிறார்கள்.

2012 பள்ளி வாகன விதிகள் போதாதா?

அந்த விதிகளின்படி வண்டியைச் சோதிப்பது மைதானத்தில். ஆபத்து இருப்பது வழியில்.

பள்ளி தரும் பாதுகாப்புப் படிவம்?

அதுவும் பிரைவேட் நம்பர் போலத்தான். நேரில் வந்து சரிபார்த்தவர் யாரென்று கேளுங்கள்.

புகாருக்கு?

கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098.

பெற்றோரே, பள்ளி திறப்பதற்குள் பிள்ளையின் வேன் செல்லும் வழியை எழுதி வாங்குங்கள். அதில் எத்தனை ரயில்வே கேட்டுகள், எவற்றில் இன்டர்லாக் இல்லை என்று கேளுங்கள். இல்லாத கேட்டுகளைச் சுற்றிப்போக வழியிருந்தால், கால் மணி நேரம் கூடினாலும் அந்த வழியையே கேட்டுப் பெறுங்கள்.