விருந்தினரால் வாழும் வீடுகள்

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது பழமொழி. ஆனால் விருந்தினர் ஓயாமல் வந்தால்தான் சில வீடுகள் நிலைக்கும் என்பதை, வகுப்புச் சுற்றுலாவில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஓர் இரவு தங்கியபோது அறிந்துகொண்டோம்.

நாங்கள் தங்கியது விடுதியாக மாறிய பழைய நகரத்தார் வீடு. வாசலில் நின்றால் பின்கட்டு வரை நேராகத் தெரிகிறது. முதலில் திண்ணையுடன் கூடிய முகப்பு, அடுத்து, வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றி வளவு, பிறகு பெண்கள் புழங்கிய இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படி. வளவைச் சுற்றியுள்ள அறைகள், அந்நாளில் மணமான மகன்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுக்கப்பட்டவை. அவற்றில்தான் நாங்கள் தங்கினோம்.

செருப்பை வெளியே விட்டு உள்ளே நுழைந்ததும் ஆத்தங்குடிக் கல்லின் குளுமை பாதத்தில் ஏறியது. இக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிமேல் வைத்த அச்சில் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். தூண்கள் பர்மாத் தேக்கு. சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர்கள் முகம் தெரியுமளவு பளபளக்கின்றன.

இத்தனை செல்வமும் பெரும்பாலும் பர்மா, மலேயா வணிகத்தில் வந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது பலர் அனைத்தையும் விட்டு ஊர் திரும்பினர். பிறகு பராமரிக்கப் பணமின்றி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பங்காளிகள் பலரானதால் சில விற்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. "ஆள் தங்கினால்தான் அம்மா கூரை ஒழுகாது" என்றார், விடுதியைக் கவனித்துவந்த ஆச்சி. நாம் தரும் வாடகைதான் ஓடு மாற்றவும் கரையானை விரட்டவும் உதவுகிறதாம்.

ஜப்பானிலும் ரியோக்கான் என்னும் பழைய விடுதிகள் உண்டு. அங்கும் காலணியைக் கழற்றி, பாய் விரித்த தரையில்தான் உறங்க வேண்டும். யமனாஷி மாநிலத்தில் 705-இல் தொடங்கிய விடுதி ஒன்று இன்றும் நடக்கிறது. விருந்தினர் வந்ததால் அது வாழ்ந்தது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. நம் கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீடுகளை யார் பட்டியலிடுவார்? எங்களுள் ஒருத்தியின் அம்மாயி வீடு அவிநாசி அருகே இருக்கிறது. தை பிறந்ததும் இடிக்கப் போகிறார்களாம். "இரண்டு அறையையாவது விருந்தினருக்கு விட்டுப் பார்க்கலாமே, மாமா" என்று கடிதம் எழுதியிருக்கிறாள். பதிலுக்காக நாங்கள் அனைவரும் காத்திருக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி