சூடு பிடித்த கம்ப்யூட்டர்

எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டில் பேரனின் கம்ப்யூட்டர், விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் திடீரென அணைந்துவிடும். புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்க, மகன் பண்டிகைக்கு ஊர் போக வைத்திருந்த பணத்தில் கைவைக்க இருந்தான்.

"பொறு" என்றேன். சும்மா ஓடும்போது நன்றாக இருந்து, பாரம் ஏறியதும் நிற்கும் எஞ்சினில் முதலில் சூட்டைப் பார்ப்பது ரயில்வே பழக்கம். விளையாட்டின்போது பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டது. திறந்தால், விசிறியில் பஞ்சாகத் தூசி; வெப்பப் பசையும் காய்ந்திருந்தது. தூசி தட்டி, புதிய பசை தடவினோம். பிறகு அணையவில்லை.

எல்லாக் கோளாறும் தூசியல்ல, அன்பர்களே. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றின் கோளாறுக்கு மிகுதியான மின்னழுத்தமே காரணம் என்று 2024இல் இன்டெல்லே அறிவித்து, உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டித்தது. சோதித்த பிறகே பர்ஸைத் திறவுங்கள்.

பண்டிகைக்கு ஊர் போனோம்.